துருப்பிடித்த வைஸைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி? மலைநாட்டு ஈரத்துக்கு ஏற்ற முறை

ஹட்டனில் ஒரு பழைய இரும்புக் கடையில் வைஸ் ஒன்று வாங்கினேன், திருகைச் சுற்றினால் இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி. கைப்பிடி அசையவே இல்லை. "மண்ணெண்ணெய ஊத்தி வைங்க தம்பி, தானா வரும்" என்றார் கடைக்காரர். வந்தது. ஆனால் அப்புறம் செய்த ஒரு தவறால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

தேவையானவை: மண்ணெண்ணெய் அரை லீட்டர், வெள்ளை வினாகிரி, அப்பச்சோடா, சவர்க்காரம், வயர் பிரஷ், பழைய டூத் பிரஷ், தையல் மெஷின் எண்ணெய், பழந்துணி. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் 38 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலுக்கு நுவரெலியாக் குளிரே போதும்.

1. இஸ்தோப்பில் உட்காருங்கள். மூட்டம் இறங்கினால் கதவைச் சாத்துவது நம் பழக்கம். நானும் சாத்திக்கொண்டு தின்னரால் கிரீஸ் துடைத்தேன். அரை மணி நேரத்தில் தலை சுற்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்ததை அப்புறம்தான் நினைத்தேன்.

2. சேற்றையும் பழைய கிரீஸையும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேயுங்கள். மண்ணெண்ணெய் துருவைக் கரைக்காது. இடுக்குக்குள் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். ஆகவே திருகின் புரிகளில் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கமாகக் கொஞ்சம், பிறகு கழற்றும் பக்கமாகத் திருப்புங்கள். எனக்கு மூன்றாம் நாள் காலையில்தான் 'கிறீச்' என்றது. அவசரப்பட்டுக் கைப்பிடியில் நீளக் குழாய் மாட்டாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும். மண்ணெண்ணெய் ஈரத்தோடு நெருப்புக் காட்டவும் கூடாது.

3. கழற்றிய திருகு, கைப்பிடி, தாடைத் தகடு எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் படிந்த துருவை வினாகிரி தொடாது. பிளாஸ்டிக் பேசினில் வினாகிரி ஊற்றி ஓர் இரவு ஊறவையுங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய வாளி என்றால் வினாகிரி நாகத்தைத் தின்றுவிடும். ஒரு நாளுக்கு மேல் விட்டால் இரும்பையே அரிக்கத் தொடங்கும். குளோரின் பிளீச் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது, கலந்தால் விஷவாயு.

4. நான் விழுந்த இடம் இதுதான். கறுப்புக் குழம்பைத் தேய்த்து எடுத்ததும் திருகு சாம்பல் நிறத்தில் புதுசு போல வந்தது. பச்சைத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயட்டும் என்று வெளியே வைத்தேன். எந்த வெயில்? மத்தியானமே மூட்டம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் புரிக்குப் புரி மஞ்சள்தூள் தடவிய மாதிரி புதுத் துரு! பூச்சு இல்லாத இரும்பு, புரிக்குள் மிச்சமிருந்த அமிலம், ஈரக் காற்று, வேறென்ன வேண்டும்?

இப்போது செய்வது இது: ஒரு லீட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து கழுவுவேன். அடுத்து, தேத்தண்ணிக்குக் கொதிக்கும் கேத்தலை எடுத்து அப்படியே மேலே ஊற்றுவேன். இரும்பு சூடேறி, தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். உதறித் துடைத்து, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே எண்ணெய். இடையில் தொலைபேசியை எடுக்காதீர்கள்.

டபிள்யூடி-40 ஸ்பிரே இருந்தால் எண்ணெய்க்கு முன் அடிக்கலாம். நீரை விரட்டவென்றே 1953இல் செய்தது அது, பெயரில் உள்ள 40 நாற்பதாவது முயற்சியைக் குறிக்கிறது. என் தெரிவு தையல் மெஷின் எண்ணெய்தான்.

பிற்சேர்க்கை: தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று இருவர் கேட்டார்கள். 24 பாகைக்குக் கீழே உறைவது அது. நம் வீட்டுப் போத்தலையே காலையில் அடுப்போரம் வைத்துத்தானே ஊற்றுகிறோம்? திருகுக்குள்ளும் அப்படித்தான் உறைந்து நிற்கும்.

கவ்வாத்துக் கத்திக்கும் இதே முறைதான், மரப்பிடி மட்டும் வினாகிரியில் நனையக் கூடாது. திரீவீலர் பிரேக்குக்கு மண்ணெண்ணெய் போடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். மீந்த மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிறவர்கள் உடனே மாற்றுங்கள், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே கம்பியில் விரித்துக் காயப்போடுங்கள்.