செங்குத்து முன்பிடி உங்களுக்குத் தேவையா?

ஏஆர்-15 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் முன்பிடி (குழலுக்குக் கீழே செங்குத்தாக நிற்கும் கைப்பிடி) மாட்டலாமா என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்படிச் சுடுவீர்கள்? மணல்மூட்டை மேல் வைத்தோ, தரையில் படுத்தோ என்றால் வேண்டாம். கீழே முட்டிக்கொண்டு இடைஞ்சல்தான் தரும். நின்று, நகர்ந்து, அடுத்தடுத்துச் சுடுபவருக்கே அது உதவும்.

தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, சேம்பர் (சுடும் தோட்டா உட்காரும் அறை) காலி என்று இரண்டு தடவை பாருங்கள். அப்புறம் கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் ஏற்றுங்கள். முன்கை இயல்பாகப் போய் நிற்கும் இடம்தான் பிடிக்கான இடம். மேகசினை ஒட்டி மாட்டினால் குழல்முனை அலையும்.

விளக்குமாறு போல முழுக்கையால் பற்றாதீர்கள். கீழ் விரல்கள் பிடியில், கட்டைவிரல் ஹேண்ட்கார்டின் (குழலைச் சுற்றியுள்ள உறையின்) பக்கவாட்டில், லேசாகத் தோளை நோக்கி இழுங்கள். இதற்குக் குட்டைப் பிடியே போதும். நீளமானதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சட்டத்தையும் பாருங்கள். கலிபோர்னியாவில், மேகசின் கழலும் செமி ஆட்டோமேட்டிக் (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு சுடும்) சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் பற்றவைக்கும்) ரைஃபிளில் முன்பிடி மாட்டினால் அது தடைப்பட்ட வகைக்குள் போய்விடும். மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவான ஏஆர் பிஸ்டலில் (ஏஆர் வகைக் கைத்துப்பாக்கி) செங்குத்து முன்பிடி மாட்டுவதென்றால், 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி முதலில் பதிவுசெய்து அனுமதி வாங்க வேண்டும்.