கூட்டம் குறைந்த நாளை நான் கண்டுபிடித்த விதம்

போன முறை டிசம்பர் 28 அன்று குழந்தைகளோடு ஒரு தீம் பார்க்குக்குப் போய், ஒரே ஒரு ரோலர் கோஸ்டருக்காக இரண்டே கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். சின்னவள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள், அது இன்னமும் மனதில் உறுத்துகிறது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் பள்ளிக்கும் லீவு, பல அலுவலகங்களுக்கும் லீவு, கூட்டம் வராமல் என்ன செய்யும்?

இந்த முறை முதலில் பார்த்தது டிக்கெட் விலையைத்தான். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் 2016-இலேயே ஒரு நாள் டிக்கெட்டுக்குத் தேதியைப் பொறுத்து விலை வைக்கத் தொடங்கின, இப்போது வேறு பல பூங்காக்களிலும் அந்த முறைதான். எந்த நாளில் கூட்டம் வரும் என்று பூங்காக்காரர்களுக்குத் தெரியும், அதற்கேற்பத்தான் விலை வைக்கிறார்கள், அதனால் காலண்டரில் விலை குறைவாக இருக்கும் நாளே நமக்கான நாள்.

அப்படித்தான் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அலங்கார விளக்குகள் எல்லாம் போட்டுவிட்டார்கள், பள்ளி லீவு இன்னும் ஆரம்பிக்கவில்லை. குழந்தைகளுக்கு ஒரு நாள் வகுப்பு போனது, சரி, பரவாயில்லை.

அப்புறம் இன்னொன்று. சில பூங்காக்களில் தனி டிக்கெட்டோடு மாலைக் கொண்டாட்டம் நடக்கும் நாட்களில், அந்த டிக்கெட் இல்லாதவர்களைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனாலேயே பலர் அந்த நாளைத் தவிர்க்க, பகலில் நெரிசல் குறையும். வாணவேடிக்கை பார்க்க முடியாதே என்று கவலைப்படாதவர்களுக்கு அது நல்ல நாள். நாங்கள் வாசல் திறக்க முக்கால் மணி நேரம் முன்பே போய் நின்றோம், பதினொரு மணிக்குள் நான்கு பெரிய ரைடுகள் முடிந்தன.