கேமுக்கும் படத்துக்கும் ஒரே மானிட்டர்: எதைப் பார்த்து வாங்குவது

முதலில் அளவு. 24 அங்குலத்துக்கு 1080பி (1920×1080 பிக்சல்) போதும். 27 அங்குலம் என்றால் 1440பி (2560×1440 பிக்சல்) எடுங்கள். அதில் 1080பி வாங்கினால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான், எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும்.

பேனலில், அதாவது திரையின் வகையில்தான் நிதானம் வேண்டும். ஐபிஎஸ், விஏ என்ற இரண்டு வகைகளைப் பார்ப்போம். ஐபிஎஸ்ஸில் நிறம் நன்றாக இருக்கும், ஆனால் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1. விளக்கணைத்துப் படம் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏவில் அது சுமார் 3000:1, சிலவற்றில் அதற்கும் மேல், கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் மலிவான விஏவில் இருட்டுக் காட்சியில் எதிரி ஓடினால் பின்னால் நிழல் இழுபடும். இரவில் படம்தான் அதிகம் என்றால் விஏ, வேகமான ஷூட்டர் கேம் என்றால் ஐபிஎஸ்.

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே ஹெர்ட்ஸ். 144 ஹெர்ட்ஸ் நல்ல தேர்வு. படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம். 144 அதால் மீதியின்றி வகுபடும், 60 வகுபடாது. அதனால்தான் 60இல் கேமரா நகரும்போது காட்சி லேசாகத் தத்துகிறது.

எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் அதிக வேறுபாட்டோடு காட்டும் முறை. எச்டிஆர் 400 முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 400 என்பது உச்ச வெளிச்சத்தின் அளவு. அந்த வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

வாங்கியதும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் போய் 144க்கு மாற்றுங்கள். மானிட்டர் மெனுவில் உள்ள ஓவர்டிரைவை (பிக்சல் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) உச்சத்தில் வைக்க வேண்டாம், நகரும் பொருளைச் சுற்றி வெளிறிய நிழல் வரும், நடுநிலையே சரி.