மெலடோனின் போடுகிறவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

"இந்தத் தூக்க மாத்திரை போட்டா சின்ன வயசுலயே ஸ்ட்ரோக் வருமாங்க?" மெலடோனின் என்கிற இந்த மாத்திரை பக்கவாதத்தை உண்டாக்கும் என்று நிரூபணம் இல்லை. 2025 நவம்பரில் அமெரிக்க இதய சங்க மாநாட்டில் வெளியான ஆய்வு இதயச் செயலிழப்பைப் பற்றியது. தூக்கமின்மை உள்ளவர்களில் ஓராண்டுக்கு மேல் மெலடோனின் எடுத்தவர்களுக்கு ஐந்தாண்டுகளில் அது 4.6 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 2.7. மாத்திரைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் வருடக்கணக்கில் போடுவது தவறு.

மில்லில் மூணாம் ஷிப்ட் முடித்து, காலை எட்டரை வெயில் முகத்தில் அடிக்க வண்டி ஓட்டி, வழியில் பேக்கரியில் ஒரு காபி குடித்துவிட்டு, வீட்டில் செல்போனைப் பார்த்தபடியே 10 மில்லிகிராம் போட்டால் தூக்கம் எப்படி வரும்? மெலடோனின் ஆளைச் சாய்க்கும் மருந்தல்ல. 'இருட்டிவிட்டது' என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன். கண்ணில் படும் வெயில் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டு வீடு வாருங்கள். ஜன்னலைக் கெட்டித் துணியால் மறையுங்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே காபி, டீயை நிறுத்துங்கள். மாத்திரை தேவை என்று டாக்டர் சொன்னால் 1 முதல் 3 மில்லிகிராம், படுக்க ஒரு மணி நேரம் முன்னால். போட்டபின் வண்டி எடுக்கக் கூடாது. அளவைக் கூட்டினால் தூக்கம் அதிகமாகாது, தலைபாரம்தான் அதிகமாகும். மெலடோனின் கலந்த ஜெல்லி மிட்டாயை ('கம்மி') நம்பாதீர்கள்: 2023இல் அமெரிக்காவில் சோதித்த 25 வகைகளில், மெலடோனின் இருந்தவற்றில் அதன் அளவு லேபிளில் போட்டதில் 74 முதல் 347 சதவீதம் வரை இருந்தது, ஒன்றில் அறவே இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், பிபிக்கு நிஃபெடிபின், மனநலத்துக்கு ஃப்ளூவோக்ஸமின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இளவயதில் பக்கவாதம் வரும் வழி வேறு பக்கம் இருக்கிறது. அளந்தே பார்க்காத பிபி, சிகரெட், குறட்டையோடு மூச்சு நிற்பது. மாரியம்மன் நோம்பிக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடப் போடும் மாத்திரையால் மூளைச் சிரையில் ரத்தம் உறையலாம். விடாத தலைவலி பெரும்பாலும் அதன் முதல் அறிகுறி. சலூனில் கழுத்தை வெடுக்கென்று திருப்பினால், அபூர்வமாக, ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்துவிடும். தூக்கம் கெட்டால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி பாருங்கள். 140/90க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

உயிரை வாங்கும் தவறு இன்னொன்று. பகலில் தூங்கி எழுந்தவர் வாய் கோணி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டு, குழறிப் பேசுகிறார். "மாத்திரை மயக்கம், படுத்துட்டா தெளிஞ்சிரும்" என்று விட்டுவிடுகிறார்கள். மெலடோனின் மயக்கம் ஒரு பக்கத்தை மட்டும் இழுக்காது. வாயில் சோடா ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அடைப்பா ரத்தக்கசிவா என்பது சிடி ஸ்கேனில்தான் தெரியும். உடனே 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். அது எழுந்த நேரத்திலிருந்து அல்ல, அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரத்திலிருந்து கணக்கு. அந்த நேரத்தைக் குறித்து, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.