ஃபெனிடோயின் ஏற்றும் முன் லைனைப் பாருங்கள்

வலிப்பு நோயாளிக்கு ஃபெனிடோயினை நரம்பு வழியே கொடுக்கும்போது, மருந்தை எடுக்கும் முன்பே ஒன்றைப் பாருங்கள்: அந்த லைனில், அதாவது நரம்பில் போட்ட குழாயில், இப்போது என்ன ஓடுகிறது? டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) என்றால் அதில் ஏற்றவே கூடாது. ஃபெனிடோயின் ஊசி மருந்து கடும் காரத்தன்மை உள்ளது. பிஹெச் கிட்டத்தட்ட 12. டெக்ஸ்ட்ரோஸோடு கலந்தால் காரம் குறைந்து, மருந்து குழாய்க்குள்ளேயே வெள்ளையாகப் படிந்துவிடும். நார்மல் சலைன் (உப்புக் கரைசல்) மட்டும்தான் சரி. முன்னும் பின்னும் சலைன் விட்டு லைனைக் கழுவிவிடுங்கள்.

அப்புறம் வேகம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 1000 மில்லிகிராம் ஏற்றக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். முதியவர், இதய நோயாளி என்றால் இன்னும் மெதுவாக. அவசரப்பட்டால் இரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஈசிஜி மானிட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

புறங்கையின் மெல்லிய நரம்பைத் தவிர்த்து, மேலே பெரிய நரம்பாகப் பாருங்கள். மருந்து வெளியே கசிந்தால் தசை கருகும் அளவுக்குப் போகலாம். கசிவே தெரியாவிட்டாலும் சில மணி நேரம் கழித்துக் கை ஊதா நிறமாகி வீங்குவதுண்டு. வலிப்பு வந்து மயங்கிக் கிடப்பவர் "எரியுது சிஸ்டர்" என்று சொல்ல மாட்டார். போர்வையை விலக்கி, கையைத் தொட்டுப் பாருங்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கும் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.