வளைவுக்கு வெளியே நேரும் சறுக்கல்கள்: மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தவறு என்றதும் வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடிப்பதும், ஈரத் தடத்தில் ஆக்சிலேட்டரை அதிகமாக முறுக்கிவிடுவதும்தான் நம் நினைவுக்கு வரும். அவற்றை எல்லா வீரர்களும் செய்கிறார்கள். 2017ஆம் ஆண்டு, உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோஜிபி பருவத்தில் ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கெஸ் 27 முறை கீழே விழுந்தார். அந்த ஆண்டின் உலகப் பட்டத்தையும் அவர்தான் வென்றார். ஒரு வீரரின் தொழில் வாழ்க்கையைத் திசைமாற்றிவிடும் தவறுகள் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையிலும், ஒப்பந்தம் பேசும் மேசையிலும், சில வேளைகளில் சாப்பாட்டுத் தட்டிலும் நேர்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு அவசரமே காரணமாக இருப்பதை இந்த விளையாட்டைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் அறிவார்கள்.

முதலில் காயத்திலிருந்து முழுமையாகத் தேறுவதற்குள் வண்டியேறும் தவறைப் பார்க்கலாம். இதற்கு மார்க்கெஸின் வாழ்க்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. 2020 ஜூலை 19 அன்று ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் நடந்த அந்தப் பருவத்தின் முதல் பந்தயத்தில், தொடக்கச் சுற்றுகளிலேயே தடத்தை விட்டு விலகிப் பதினாறாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட அவர், ஒவ்வொருவராக முந்திக்கொண்டு மூன்றாம் இடம்வரை வந்த பிறகு, சில சுற்றுகளே மீதமிருந்த நிலையில் தூக்கி வீசப்பட்டு வலது மேற்கை எலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடு பொருத்தினார்கள். அதே வார இறுதியில், அதே தடத்தில் அடுத்த பந்தயம். பெருந்தொற்றின் காரணமாகப் பருவம் 14 பந்தயங்களாகச் சுருங்கியிருந்ததால் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகத் தெரிந்தது. மருத்துவர்கள் தகுதிச் சான்று கொடுத்தார்கள். அவரும் சனிக்கிழமை வண்டியேறினார். கை ஒத்துழைக்காததால் அன்றே விலகினார்.

அடுத்த சில நாட்களில், வீட்டில் ஒரு கண்ணாடிக் கதவைத் திறக்க முயன்றபோது அந்தத் தகடு உடைந்தது. ஆகஸ்டில் இரண்டாவது அறுவை சிகிச்சை, டிசம்பரில் மூன்றாவது. அப்போது எலும்பில் தொற்று இருப்பதும் தெரியவந்தது. 2021 ஏப்ரலில் திரும்பிய அவர் அந்த ஆண்டு மூன்று பந்தயங்களை வென்றாலும், முறிந்த எலும்பு திருகிய நிலையில் சேர்ந்திருந்ததால், 2022இல் அமெரிக்காவில் நான்காவது அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. 2019இல் பட்டம் வென்ற வீரருக்கு அடுத்த பட்டம் 2025இல்தான் கிடைத்தது. அந்த வார இறுதியில் ஹெரெஸில் வண்டியேறியது தவறு என்பதை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். இங்கே கவனிக்க வேண்டியது தகுதிச் சான்றின் எல்லை. பந்தயத் தடத்து மருத்துவப் பரிசோதனை, வீரர் அந்த நேரத்தில் வண்டியைக் கையாள முடியுமா, பிறருக்கு ஆபத்தாக இருப்பாரா என்பதைப் பார்க்கிறது. அந்த எலும்பு ஆறு மாதத்துக்குப் பின் எப்படி இருக்கும் என்பதை அதனால் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை, அணியோடு தொடர்பில்லாத எலும்பு மருத்துவர் ஒருவரிடம் வீரர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே தவறு வீரக் கதையாகவும் சொல்லப்படுவதுண்டு. 2013இல் நெதர்லாந்தின் ஆசென் தடத்தில் வியாழக்கிழமைப் பயிற்சியில் காறை எலும்பை முறித்துக்கொண்ட ஸ்பெயின் வீரர் ஹோர்ஹே லொரென்சோ, அன்றிரவே பார்சிலோனாவுக்குப் பறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சனிக்கிழமைப் பந்தயத்தில் ஐந்தாம் இடம் பிடித்தார். ரசிகர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள்; பேசத் தகுந்த துணிச்சல்தான். ஆனால் இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியின் சாக்சன்ரிங் தடத்தில் மறுபடி விழுந்து, பொருத்திய தகடு வளைந்துபோனதால் அந்தப் பந்தயத்தில் அவர் ஓடவே முடியாமல் போனதைப் பலர் சொல்வதில்லை. ஆசெனில் உயிரைக் கொடுத்து அவர் ஈட்டியவை 11 புள்ளிகள். ஆண்டு முடிவில் அவர் பட்டத்தை இழந்தது 4 புள்ளி வித்தியாசத்தில். சாக்சன்ரிங்கில் விழாமல் இருந்திருந்தால் ஆசென் முடிவை மேதைமை என்றே எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும் குணமாகாத எலும்போடு ஓடுபவருக்கு இரண்டாவது முறை விழ இடமில்லை. விழாமல் ஒரு பருவத்தை முடிக்கும் வீரரோ அரிது.

காயங்களில் தலைக்காயமும் பார்வைக் கோளாறும் தனி வகை. மார்க்கெஸுக்கு 2011இல் விழுந்ததால் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும் கோளாறு ஏற்பட்டது. மோட்டோஜிபிக்கு அடுத்த கீழ்ப் பிரிவான மோட்டோ2இன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதும் கடைசிப் பந்தயத்தில் அவர் ஓடவில்லை. சிகிச்சைக்குப் பின் அடுத்த ஆண்டே அந்தப் பட்டத்தை வென்றார். காத்திருப்பதன் பலனை அறிந்திருந்த அதே மனிதர்தான் ஒன்பது ஆண்டு கழித்து ஹெரெஸில் அவசரப்பட்டார் என்பது, இந்தத் தவறு அனுபவசாலிகளையும் விடாது என்பதைக் காட்டுகிறது. ஓய்வு நாட்களில் மண் தடத்தில் பயிற்சி செய்வதும் இதனோடு சேர்ந்தது. இத்தாலிய வீரர் வாலன்டினோ ரோஸி 2017இல் எண்டியூரோ எனப்படும் கரடுமுரடான மண்பாதைப் பயிற்சியில் கால் எலும்பை முறித்துக்கொண்டார். மண்ணில் ஓட்டாமல் வண்டியின் வழுக்கலைக் கையாளும் திறமை வளராது என்பதால் அதை விட்டுவிடச் சொல்ல முடியாது. பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில் அதைத் தவிர்ப்பது வீரரின் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறு. ஒருவர் வென்ற வண்டியில் தானும் வெல்லலாம் என்று நம்புவது இதன் முக்கிய வடிவம். ஆஸ்திரேலிய வீரர் கேஸி ஸ்டோனர் 2007இல் இத்தாலிய நிறுவனமான டுகாட்டியின் வண்டியில் உலகப் பட்டம் வென்றார். 2010இலும் அதே நிறுவன வண்டியில் பந்தயங்களை வென்றார். அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு 2011இல் வந்த ரோஸி, 2004இல் ஹோண்டாவிலிருந்து யமஹாவுக்கு மாறி முதல் பந்தயத்திலேயே வென்று காட்டியவர். அப்போது உடனிருந்த தலைமைத் தொழில்நுட்பர் ஜெரமி பர்ஜெஸையும் அழைத்துக்கொண்டே டுகாட்டிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. மூன்று முறை மட்டுமே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். ஸ்டோனரின் நேரங்கள் அந்த வண்டியின் குறைகளை மறைத்திருந்தன என்பதே என் கணிப்பு. அணி மாறும் வீரர் பார்க்க வேண்டியது அந்த வண்டியின் முன்னணி வீரர் எந்த இடத்தில் முடித்தார் என்பதை அல்ல. அதே வண்டியில் ஓடும் இரண்டாவது, மூன்றாவது வீரர்கள் எந்த இடத்தில் முடித்தார்கள் என்பதை.

இதற்கு நேர்மாறான தவறு, வண்டி கைக்குப் பழகும் வேளையில் அதை விட்டுவிடுவது. லொரென்சோ 2017இல் டுகாட்டியில் சேர்ந்து ஓராண்டு முழுவதும் வெற்றியின்றித் தவித்தார். 2018இல், அவர் கேட்டபடி பெட்ரோல் டேங்கின் வடிவத்தை மாற்றிக் கொடுத்து, பிரேக் பிடிக்கும்போது உடலைத் தாங்கிக்கொள்ள வழி செய்த பிறகு, முஜெல்லோ, பார்சிலோனா, ஆஸ்திரியா என மூன்று பந்தயங்களை வென்றார். ஆனால் அதற்குள் உறவு முறிந்து, 2019இல் ஹோண்டாவுக்குப் போவது முடிவாகியிருந்தது. ஹோண்டாவில் ஒரு பந்தயத்தில்கூட முதல் பத்து இடங்களுக்குள் அவர் வரவில்லை. முதுகெலும்பு முறிவும் சேர்ந்துகொள்ள, 32 வயதில் அந்த ஆண்டின் முடிவிலேயே ஓய்வு பெற்றார். ஒரு டேங்கின் வடிவம் சில மாதம் முன்னதாக மாறியிருந்தால் அவருடைய கதை எப்படிப் போயிருக்கும் என்று இன்றுவரை விவாதிப்பவர்கள் உண்டு.

மார்க்கெஸ் 2023இன் இறுதியில் எடுத்த முடிவு இவற்றுக்கு மாற்றானது. ஹோண்டாவுடனான பெரும் ஊதிய ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருக்கும்போதே அதைக் கைவிட்டு, கிரெசினி என்ற தனியார் அணியில், முந்தைய ஆண்டு டுகாட்டி வண்டியில் ஓடச் சம்மதித்தார். 2024இல் மூன்று பந்தயங்களை வென்றார். 2025இல் டுகாட்டி தொழிற்சாலை அணியில் இடம் பெற்று உலகப் பட்டத்தையும் வென்றார். ஊதியத்தை அளவுகோலாகக் கொண்டிருந்தால் இந்த வழியே அவர் கண்ணில் பட்டிருக்காது.

ஒப்பந்தத்தின் சொற்களைக் குறித்து ஒரு குறிப்பு. 2024 உலகப் பட்டம் வென்ற ஹோர்ஹே மார்ட்டின் 2025இல் ஏப்ரிலியாவுக்கு மாறினார். அடுத்தடுத்த காயங்களால் பருவத்தின் முதல் பாதியில் அவரால் ஏறக்குறைய ஓடவே முடியவில்லை. ஆண்டின் முடிவில் விலகிக்கொள்ள ஒப்பந்த நிபந்தனை இடம் தருகிறது என்று அவர் தரப்பும், வீரர் ஓடாத நிலையில் அது பொருந்தாது என்று நிறுவனமும் பொதுவெளியில் மோதிக்கொண்டன. முடிவில் அவர் அங்கேயே தொடர்ந்தார். விலகும் உரிமை இருந்தால் மட்டும் போதாது. காயத்தால் ஓட முடியாமல் போனால் அந்த உரிமை என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். சிறிய அணிகளோடு கையெழுத்திடும் இளைஞர்களுக்கு இது இன்னும் முக்கியம். விழுந்து உடையும் பாகங்களுக்கு யார் பணம் கொடுப்பது என்ற ஒரு வரி இல்லாததால் குடும்பமே கடனில் விழலாம்.

கோபத்தால் வரும் தவறுக்கு ஒரு நொடி போதும். 2018 செப்டம்பரில் இத்தாலியின் மிசானோ தடத்தில் மோட்டோ2 பந்தயம் நடக்கும்போது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ரொமானோ ஃபெனாட்டி கையை நீட்டி ஸ்டெஃபனோ மான்ஸியின் பிரேக் பிடியை அழுத்தினார். கருப்புக் கொடி காட்டி அவரை வெளியேற்றினார்கள். அணி அவரை நீக்கியது. அடுத்த ஆண்டுக்கு எம்.வி. அகுஸ்தாவுடன் செய்திருந்த ஒப்பந்தமும் ரத்தானது. அப்போது அவருக்கு 22 வயது. 2019இல் அதற்கும் கீழான மோட்டோ3 பிரிவுக்குத் திரும்பி ஒரு பந்தயத்தையும் வென்றார் என்றாலும், 2022இல் மோட்டோ2 பிரிவில் மீண்டும் கிடைத்த இடமும் சில பந்தயங்களிலேயே பறிபோனது.

உட்கொள்ளும் பொருள்களில் அசட்டையாக இருப்பதைப் பல வீரர்கள் தவறாகவே கருதுவதில்லை. 2019 நவம்பரில் மலேசியாவின் செபாங் தடத்தில் எடுத்த மாதிரியில், ஆண்ட்ரியா யானோனேயின் உடலில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்தது. மாசுபட்ட இறைச்சியிலிருந்து வந்தது என்று அவர் வாதிட்டார். முதலில் 18 மாதத் தடை. மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை நான்கு ஆண்டுகளாக உயர்த்தியது. ஊக்கமருந்து விதிகளில் பொருள் உடலில் இருப்பதே குற்றம். அது எப்படி வந்தது என்பதை நிறுவும் சுமை வீரருடையது. தடை முடிந்து 2024இல் உலக சூப்பர்பைக் போட்டிக்குத் திரும்பி அரகோன் தடத்தில் வெற்றியும் பெற்ற அவருக்கு, உச்ச வேகத்தில் இருந்திருக்க வேண்டிய நான்கு ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் நண்பர் கொடுக்கும் மாவையும், பெயர் தெரியாத சக்தி பானத்தையும் வாங்கிக் குடிக்கும் பழக்கம் நம் ஊரிலும் பரவலாக இருப்பதால், உள்ளூர்ப் போட்டியாளர்களும் இதை மனத்தில் கொள்வது நல்லது.

விதிப் புத்தகத்தை அணி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதும் ஆபத்து. 2013இல் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் டயர்கள் தாக்குப்பிடிக்காததால், யாரும் ஒரே டயரில் 10 சுற்றுகளுக்கு மேல் ஓடக்கூடாது என்று விதித்தார்கள். மார்க்கெஸின் ஹோண்டா அணி கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டது. அவர் ஒரு சுற்று தாமதமாக டயர் மாற்ற உள்ளே வந்து தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தவறு அணியுடையது, இழந்தவை வீரரின் புள்ளிகள்.

இறுதியாக, இந்தத் தொழிலில் நுழைய விரும்பும் தமிழ்நாட்டு இளைஞர்கள் செய்யும் தவறுகள். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடமும், கோயம்புத்தூரில் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்ற தடமும் இருக்கையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் பந்தயம் விடுவது சட்டப்படி குற்றம் மட்டுமன்று. பந்தயத் திறமைக்கும் அது எதையும் சேர்க்காது. சாலையில் ஒரே வளைவை ஒரே வேகத்தில் இருபது முறை கடந்து பார்த்துப் பிழை திருத்த வழியில்லை. எதிரே லாரி வரக்கூடும் என்ற அச்சம் உடலை இறுக்கமாகவே வைத்திருக்கும். எடுத்த எடுப்பில் 1000 சிசி வண்டி வாங்குவதும் அத்தகையதே. சக்தி குறைந்த வண்டியில் வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் ஈடுசெய்ய முடியாது என்பதால், ஓட்டும் முறையின் ஒவ்வொரு குறையும் நேரக் கணக்கில் அப்படியே தெரியும். தேசியப் போட்டிகளில் ஒரே வகை வண்டியை எல்லோருக்கும் கொடுத்து நடத்தும் பிரிவுகளில் தொடங்குவதும், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமத்தை முறைப்படி பெறுவதும் சரியான முதற்படிகள்.

வயதைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். மார்க்கெஸ் 2008இல் 15 வயதில் உலகப் போட்டிக்கு வந்தார். 2021இல் பதின்வயது வீரர்கள் மூவர் வெவ்வேறு தடங்களில் உயிரிழந்ததையடுத்து, உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 18 என்று உயர்த்திவிட்டது. ஆனாலும் ஐரோப்பியச் சிறுவர்கள் ஆறேழு வயதிலேயே சிறு வண்டிகளில் ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இருபது வயதில் முதன்முறையாகப் பந்தயத் தடத்தைப் பார்க்கும் ஒருவர் மோட்டோஜிபியை இலக்காக வைத்துக் குடும்பச் சேமிப்பைக் கரைப்பது அறிவுடைமை ஆகாது. தேசியப் போட்டியில் முன்னணிக்கு வந்த பிறகு, ஜப்பான், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசிய வீரர்களோடு மோதக் களம் தரும் ஆசிய சாலைப் பந்தயப் போட்டியின் 250 சிசி பிரிவை நோக்கிச் செல்வது அவருக்கு எட்டக்கூடிய இலக்கு. இந்திய நிறுவன அணிகளும் அங்கே வீரர்களை அனுப்பியிருக்கின்றன.