கரிசல் மானாவாரிக்கு ஒரே உழவு போதும்: அறுவடையிலிருந்து விதைப்பு வரை

மானூர், தேவர்குளம், கயத்தாறு பக்கம் மானாவாரிக் கரிசல் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திசையன்விளை, ராதாபுரம் செம்மண்காரர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள், உங்கள் கணக்கு வேறு.

சித்திரையில் ஒரு உழவு, ஆவணியில் இரண்டு, விதைக்கும் முன் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஒரு ஓட்டு. நம் ஊரில் இதுதான் வழக்கம். கேட்டால் "கோடை உழவு கோடி நன்மை" என்பார்கள். அது மாட்டு ஏர் காலத்துச் சொலவடை. ஏர் மண்ணைக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போடும், ரோட்டவேட்டரோ மாவாக்கிவிடும். ஆனி, ஆடியில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே மேல்காற்று சித்திரை உழவில் கிளம்பிய புழுதியை அள்ளிக்கொண்டு போய்விடும். மிஞ்சியதை ரோட்டவேட்டர் மாவாக்கி, அதன் மேல் ஐப்பசி மழை அடித்தால் மேல்மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடைக்கு ஓடும். கரிசல் காய்ந்தால் தானாகவே வெடிக்கும். கோடை மழை ஆழத்துக்கு இறங்குவதே அந்த வெடிப்பு வழியாகத்தான். அதை ஏன் டீசல் செலவழித்து மூட வேண்டும்?

1. அறுவடையிலேயே ஆரம்பியுங்கள். சோளத்தை அடியோடு அறுக்காமல் ஒரு சாண் கட்டை விட்டு அறுக்கச் சொல்லுங்கள். மாட்டுக்குத் தட்டை வேண்டும், முழுவதையும் நிலத்தில் விட முடியாதுதான். நிலத்தில் மூன்றில் ஒரு பங்காவது தாளும் சருகும் மூடிக் கிடந்தால் போதும். பருத்தி மாரை (காய்ந்த செடியை) மட்டும் விட்டுவைக்காதீர்கள். காய்ப்புழு அடுத்த பட்டத்துக்கு அதில்தான் காத்திருக்கும். வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

2. பதம், அதாவது உழவுக்கு ஏற்ற ஈரம், பாருங்கள். இந்த முறையில் உழவு ஒன்றே ஒன்றுதான், அதனால் எல்லாம் இந்தப் பதத்தில் இருக்கிறது. பலர் சறுக்குவதும் இங்கேதான். ஆவணியிலோ புரட்டாசி ஆரம்பத்திலோ ஒரு மழை பெய்யும். இரண்டு நாள் வெயிலில் மேல்மண் வெளுத்துவிடும், செருப்பில் ஒட்டாது. சரி, காய்ந்துவிட்டது என்று டிராக்டரைக் கூப்பிட்டால் கதை முடிந்தது. அடியில் இன்னும் களியாகத்தான் இருக்கும்.

மண்வெட்டியால் நாலு விரல் ஆழம், அதாவது கொழு (கலப்பையின் முனை) இறங்குகிற ஆழம் வரை வெட்டுங்கள். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணில் ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். சப்பென்று அமுங்கினாலோ முழுசாகக் கிடந்தாலோ பொறுத்திருங்கள். மூன்று நாலு துண்டாக உடைந்தால் அதுதான் பதம். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் பதம் தப்பிவிட்டது. ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியாகப் பாருங்கள், பள்ளம் எப்போதும் ஒரு நாளாவது பிந்தும்.

ஈரத்தில் உழுதால் கொழு போன தடம் பளபளவென்று இழுபட்டுக் கிடக்கும். காய்ந்ததும் அது இறுகி, உளுந்து வேர் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பும். பிடுங்கிப் பார்த்தால் வேர் வளைந்திருப்பது தெரியும். "அண்ணாச்சி, இன்னிக்கு விட்டா இனி பத்து நாளைக்கு வர முடியாது" என்று டிராக்டர்காரர் சொல்லத்தான் செய்வார். மழை பெய்த அன்றே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஆவணியில் மழையே இல்லையா? காய்ந்த கரிசலைக் கிளறாதீர்கள், கட்டிதான் பெயரும். ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு பதம் பார்த்து, உழவையும் விதைப்பையும் ஒன்றாக முடியுங்கள்.

3. கலப்பை. ஒன்பது கொத்துக் கலப்பையில் ஒன்று விட்டு ஒன்றைக் கழற்றிவிடுங்கள். ஐந்து கொத்தானால் இடைவெளி கூடும், தட்டை மாட்டி இழுபடாது. சோளத்துக்கு வேண்டிய 45 செ.மீ. வரிசையும் கிட்டத்தட்ட அதிலேயே வந்துவிடும். உளுந்துக்குக் கொத்துகளை நகர்த்தி 30 செ.மீ. ஆக்குங்கள். சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். ரோட்டவேட்டரை என் கரிசலில் இறக்கவே மாட்டேன். சொந்தக் கருவி இல்லாதவர்கள் உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதியைப் பாருங்கள், வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரும் கருவிகளும் வாடகைக்குக் கொடுக்கிறது.

4. விதைப்பு. புரட்டாசி நடுவிலிருந்து, பருவமழைக்கு முன்பே விதைத்துவிடலாம். ஆழம் 5 செ.மீ. மேலாக விதைத்தால் சின்னத் தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை பிந்தும்போது கருகிப்போகும். ஆழத்தில் கிடக்கிற விதை நல்ல மழைக்குத்தான் முளைக்கும். உளுந்து ஏக்கருக்கு 8 கிலோ.

5. களை. உழவைக் குறைத்தால் முதல் இரண்டு பட்டம் களை கூடத்தான் செய்யும், மறைக்க ஒன்றுமில்லை. முக்கியமாகக் கோரையும் அருகம்புல்லும். ஆனால் அருகை ரோட்டவேட்டரால் ஒழிக்க நினைக்காதீர்கள், துண்டு துண்டாக நறுக்கி வயல் முழுக்க நட்ட மாதிரி ஆகிவிடும். பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் களை வெட்டுங்கள். பெண்டிமெத்தலின் களைக்கொல்லி தெளிக்கிறவர்கள் மண்ணில் ஈரம் இருக்கும்போது, களை முளைக்கும் முன் தெளிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் அடித்தால் காசுதான் வீண்.

பின்சேர்க்கை: கட்டை விட்டு அறுத்தேன், ஊர் ஆடு வந்து முழுவதையும் மேய்ந்துவிட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள். வெற்று நிலத்தில் மேய்வதை நம் பக்கம் யாரும் தடுப்பதில்லை, தடுத்தால் பகைதான் மிச்சம். கீதாரியிடம் (ஆட்டு மந்தைக்காரரிடம்) முன்கூட்டியே பேசி மாசியிலேயே கிடை போட, அதாவது மந்தையை உங்கள் நிலத்தில் அடைக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொஞ்சம் மேய்ச்சல், உங்களுக்குப் புழுக்கை. இலையைத் தின்றாலும் கட்டை நிற்கும்.

செம்மண்காரர்களுக்கு: உங்கள் மண் தானாக வெடிக்காது, அடியில் இறுகும். அதனால் உழவைக் குறைக்கும் முன் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்துக்கு, நெடுக்கும் குறுக்குமாக ஓட்டுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். இதற்குப் பதம் நேர் எதிர்: மண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் அடியில் இறுகியது நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் கோடு கிழித்துவிட்டுப் போய்விடும். சித்திரை, வைகாசியிலேயே முடித்துவிடுங்கள்.